‘ப்ளீஸ்’ போட்டும் ஏன் கோபித்தார்?

கேள்வி: இருப்பது வெள்ளவத்தை, வேலை புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில். கடைக்காரர்களுக்கு இங்கிலீஷில் மெயில் போடுவது என் பொறுப்பு. காசு பிந்திய ஒருவருக்கு ‘ப்ளீஸ், யூ மஸ்ட் செட்டில் த இன்வொய்ஸ் திஸ் வீக்’ என்று எழுதினேன். அவர் முகாமையாளருக்குக் கோல் எடுத்து, “உங்கட பிள்ளை என்னை வெருட்டுதோ?” என்று கேட்டிருக்கிறார். கேன், குட், மே, மஸ்ட் எல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவைதான். எதை எங்கே போடுவது, சேர்?

பதில்: உங்கள் வசனத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வேலையைக் காட்டியது அந்த ‘மஸ்ட்’தான்.

தமிழில் ‘இந்தக் கிழமைக்குள் கட்டிவிடுங்கோ’ என்றால் அந்த ‘ங்கோ’விலேயே மரியாதை வந்துவிடும். இங்கிலீஷில் முதலாளியும் ‘யூ’, முன்வீட்டுச் சின்னப் பெடியனும் ‘யூ’. ஆகவே மரியாதையைக் காட்டும் பொறுப்பு பெரும்பாலும் வினைக்கு முன்னால் வரும் இந்தத் துணைவினைகளின் தலையில் விழுகிறது. ‘யூ மஸ்ட்’ என்றால், சொல்கிறவர் தன் அதிகாரத்தில் கட்டளை போடுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘ப்ளீஸ்’ போட்டாலும் சரி, எங்கள் ஆட்களுக்குப் பிடித்த ‘கைன்ட்லி’யைப் போட்டாலும் சரி, கட்டளை கட்டளைதான்.

‘குட் யூ ப்ளீஸ் செட்டில் த இன்வொய்ஸ் திஸ் வீக்?’ என்று கேட்டிருந்தால் அவர் கோல் எடுத்திருக்கமாட்டார். ‘குட்’ இறந்தகாலம் அல்லவா என்பீர்கள். இந்த இடத்தில் காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓரடி தள்ளி நின்று, மறுக்கவும் இடம் விட்டுக் கேட்பதற்கு அது. பக்கத்து மேசைக்காரருக்கு ‘கேன் யூ’ போதும். வெளியாட்களுக்கு ‘குட் யூ’ அல்லது ‘வுட் யூ’. இரண்டு தரம் கேட்டும் காசு வரவில்லையா? அப்போதும் ‘மஸ்ட்’ வேண்டாம். ‘வீ ஹேவ் டு க்ளோஸ் அவர் அக்கவுன்ட்ஸ் ஆன் த தேர்ட்டியத்’ என்று எழுதுங்கள். இப்போது நெருக்குவது நீங்கள் அல்ல, மாதக் கணக்கு. வங்கி, சுங்கம், சட்டம் என்று வெளியிலிருந்து வருகிற கட்டாயம் எதற்கும் ‘ஹேவ் டு’ பொருந்தும்.

அதற்காக ‘மஸ்ட்’டைக் கண்டாலே பயப்படவும் வேண்டாம். வீட்டுக்கு வந்தவரிடம் ‘யூ மஸ்ட் ட்ரை த வட்டிலப்பம்’ என்றால் யார் கோபிப்பார்? லாபம் கேட்கிறவருக்குத்தானே.

உண்மையில் ஆபத்தானது எதிர்மறை. நாளைக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை வேலைக்கு வரத் தேவையில்லை. அதைச் சொல்ல நினைத்து ‘யூ மஸ்ட் நொட் கம் டுமாரோ’ என்று மெசேஜ் போட்டால், ‘நாளைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது’ என்றுதான் அந்தப் பிள்ளை வாசிக்கும். வேலையே போய்விட்டதோ என்று இரவெல்லாம் நித்திரை வராது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ அல்லது ‘யூ நீட் நொட் கம்’ என்று எழுதுங்கள். ‘மஸ்ட்’டும் ‘ஹேவ் டு’வும் சாதாரணமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவைதான். ‘நொட்’ சேர்ந்ததும் ஒன்று தடை, மற்றது விடுதலை.

ஊகத்துக்கும் ‘மஸ்ட்’ வரும். காலி வீதியில் நெரிசல், ஆளைக் காணவில்லை: ‘ஹீ மஸ்ட் பி ஸ்டில் ஆன் த பஸ்.’ இருக்கவே முடியாது என்று தோன்றினால், நாங்கள் படித்த பிரிட்டிஷ் வழக்கில் ‘கான்ட் பி’. இருக்கலாம் என்றால் ‘மே’ அல்லது ‘மைட்’. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தேடித் தலையைப் பிய்க்காதீர்கள்.

கொழும்பு ஒபிஸ் கடிதங்களில் நான் அதிகம் காண்பது இன்னொன்று: ‘வீ வுட் டெலிவர் த கூட்ஸ் ஆன் மண்டே’. ‘வில்’லைவிட ‘வுட்’ மரியாதை என்று நினைத்து எழுதுகிறார்கள். ஒன்றைக் கேட்கும்போதுதான் அது மரியாதை. வாக்குக் கொடுக்கும்போது வாக்கையே தளர்த்திவிடும். ‘அனுப்புவோம், ஆனால்...’ என்பதுபோல இருக்க, வாசிக்கிறவர் ‘இஃப்’ எங்கே என்று தேடுவார். திங்கட்கிழமை சாமான் போகும் என்றால் ‘வீ வில்’ என்றே எழுதுங்கள்.

அப்புறம், நேற்று ரிப்போர்ட்டை முடித்ததைச் சொல்ல ‘ஐ குட் ஃபினிஷ்’ சரிவராது. முன்பு இருந்த பொதுவான திறமைக்குத்தான் ‘குட்’. ஒரு தடவை செய்து முடித்ததற்கு ‘வோஸ் ஏபல் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’. முடியாமல் போனதற்கு ‘குட் நொட்’ தாராளமாகப் போடலாம். ‘கேன் ஏபல் டு’ மட்டும் எங்கேயும் வேண்டாம், இரண்டில் ஒன்று போதும். முகாமையாளருக்கு ‘யூ ஷுட்’ என்று எழுதுவதைவிட ‘ஷுட் வீ’ என்று கேள்வியாக்குவது நல்லது.

‘ஷல்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒப்பந்தங்களில் கண்ணில் படும். சட்ட இங்கிலீஷில் அது எதிர்காலம் அல்ல, விதி. 1978 அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சேர்த்த வரிகள் ‘ஷல்’லில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மெயிலில் ‘யூ ஷல் பே’ என்று போட்டால், சட்டத்தரணி அனுப்பிய கடிதம் என்றே கடைக்காரர் நினைப்பார். ஆனால் ‘ஷல் ஐ சென்ட் த இன்வொய்ஸ் அகெய்ன்?’ என்று கேட்கலாம். ‘இன்வொய்ஸ் கிடைக்கவில்லை’ என்று சாட்டுச் சொல்கிறவர்களுக்கு அது நல்ல மருந்து.