கருவில் குடல் உருவாகும் விதத்துக்கும், உடலைக் கையால் அழுத்தி அசைத்துச் செய்யும் ஆஸ்டியோபதி சிகிச்சைக்கும் என்ன தொடர்பு?

நான் இயன்முறை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிட்டேன். விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. குடல்வால் அழற்சி, அன்றைக்கே அறுவை சிகிச்சை. குடல்வால் இருப்பது வலது பக்கம். முதலில் ஏன் தொப்புளில் வலித்தது? கருவியலை நான் ஆசையாகப் படிக்கத் தொடங்கியது இதனால்தான்.

நான்காவது வாரத்தில் தட்டையான கரு மடியும்போது அதன் உள்ளடுக்கு ஒரு குழாயாகிறது. முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்று அதற்கு மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தமனி. இதில் நடுக்குடலின் பயணம் எனக்கு இன்றும் வியப்பு. ஆறாவது வாரம் வாக்கில், கல்லீரல் வேகமாக வளர்வதால் வயிற்றுக்குள் இடம் போதாமல், அது தொப்புள்கொடிக்குள் போய்விடுகிறது. பத்தாவது வாரம் வாக்கில் திரும்பி வருகிறது. இதற்குள் மொத்தம் 270 பாகை இடஞ்சுழியாகத் திரும்பிவிடுகிறது. நடுக்குடலின் ஒரு பகுதியான குடல்வால் வலப்பக்கம் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இடம் மாறினாலும் நரம்புத் தொடர்பு மாறுவதில்லை. குடல்வாலிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்தில் பத்தாவது மார்பு நரம்பின் மட்டத்தில் நுழைகிறது. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் செய்தியும் அங்கேதான் வருகிறது. அதனால் மூளைக்கு அது தொப்புள் வலி. அழற்சி பரவி வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்ட பிறகுதான் சரியான இடத்தில் வலிக்கிறது.

சரி, ஆஸ்டியோபதி. மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் அமெரிக்காவில் அறிவித்த முறை இது. பிற்காலத்தில் பிரான்ஸின் ழான் பியேர் பரால், உள்ளுறுப்புகளைக் கையால் மெல்ல அசைக்கும் சிகிச்சையைப் பரப்பினார். கருவில் உறுப்பு நகர்ந்த திசையிலேயே இப்போதும் அது நுட்பமாக அசைகிறது, பழகிய கை அதை உணரும் என்பது இந்தச் சிகிச்சை செய்பவர்களின் வாதம். குடலின் வரலாற்றை அவர்கள் இவ்வளவு அக்கறையோடு படிப்பதை நான் மதிக்கிறேன். வலி எங்கே தோன்றும் என்ற வரைபடம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் அந்த நுண்ணசைவும், அதைத் திருத்தினால் நோய் தீரும் என்பதும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. வரைபடம் உண்மை என்பதற்காகச் சிகிச்சையும் உண்மையாகிவிடாது.

தொப்புள் வலி வலது பக்கம் இறங்கினாலோ, பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ (குடல் சரியாகத் திரும்பாமல் முறுக்கிக்கொண்டிருக்கலாம்) யாரிடமும் வயிற்றை நீவக் கொடுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.