மிருகவதைச் சட்டம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றுதானா?

மாட்டு வண்டிக்காரர் மேல் உடனே கேஸ் போடுகிறார்கள், பெரிய இடத்து ஆள் மாட்டைச் சாகடித்தாலும் ஒன்றும் நடப்பதில்லை, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டு மாடு இப்போது ஏதோ ஒரு கோசாலையில் நிற்கிறது என்று தோன்றுகிறது. அப்படியானால் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

எழுதியிருக்கும் சட்டம் ஒன்றுதான். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு. முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் அதே குற்றம் என்றால் 25 முதல் 100 ரூபாய், இல்லாவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஐம்பது ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போகலாமே என்பவர்களுக்கு எங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பள்ளிகொண்டா பக்கம் எங்கள் ஊர். பெரியப்பாவுக்கு நிலம் கிடையாது. பொய்கைச் சந்தையில் கடன் வாங்கிப் பிடித்த ஒரு ஜோடி எருதும் டயர் வண்டியும்தான் பிழைப்பு. சூளையிலிருந்து செங்கல் ஏற்றி, கட்டடம் நடக்கும் இடத்தில் இறக்குவார். கூலி நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. ஒரு நடைக்கு எத்தனை கல் என்பதைச் சூளைக்காரர்தான் முடிவு செய்வார். 2019 மே மாதம், உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தினார்கள். செவலையின் கழுத்தில் நுகத்தடி அழுத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன்மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பெரியம்மா பூசியிருந்தார். அந்த மஞ்சளைக் காட்டி, "புண் இருக்கிறது என்று தெரிந்தேதானே பூட்டியிருக்கிறாய்" என்றார் எஸ்.ஐ.

விலங்குகள்மேல் அக்கறை உள்ளவர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். புண்ணோடு மாட்டைப் பூட்டுவது வதைதான், அதற்கு நான் நியாயம் சொல்லவில்லை. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற ஊரில் பகல் 12 முதல் 3 மணி வரை மாட்டைப் பூட்டக்கூடாது என்று 1965ஆம் வருஷத்து விதியே இருக்கிறது. நல்ல விதி. அதை ஒழுங்காகப் பார்த்தால் வேலூரில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் உச்சி வேளையில் வண்டி ஓடவே கூடாது. ஆனால் பாரத்தை முடிவு செய்த சூளைக்காரர் பெயர் கேஸில் எங்குமே வரவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

அபராதம் 50 ரூபாய்தான். மாடுகள் கோசாலைக்குப் போய்விட்டன. தீவனம், வைத்தியம், வண்டி வாடகை என்று நாள் கணக்கில் ஏறிக்கொண்டே போனது. மீட்கும்போது பெரியம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிருந்தது, மேலே தண்டல் கடன் வேறு. அதுவரை வண்டியும் ஓடவில்லை, கூலியும் இல்லை. வசதியானவனுக்கு மாடு பத்தில் ஒன்று. இவருக்கு அந்த ஜோடிதான் அடுப்பு எரிய வைப்பது.

இப்போது இன்னொன்று. என் சித்தி வீடு பேரணாம்பட்டுப் பக்கம். பன்றி வருகிறது என்று பக்கத்து மாந்தோப்புக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கரண்ட் இழுத்துக் கம்பி கட்டியிருந்தார், அதுவும் வண்டிப்பாதை ஓரத்திலேயே. சித்தியின் கறவை மாடு அதில் பட்டுச் செத்தது. நாங்கள் போனபோது வாயில் பாதி மென்ற புல் அப்படியே இருந்தது. மாட்டைக் கொல்வது அன்றைக்கு இ.பி.கோ. 429, ஐந்து வருஷம் வரை ஜெயில். இன்றைக்கு இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 325, அதே ஐந்து வருஷம். போலீஸ் தானாகவே கேஸ் பதிய வேண்டிய குற்றம். அப்படிப்பட்ட குற்றத்துக்கு எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் சித்தியிடம் கேட்டது, "மாடு ஏன் அந்தப் பக்கம் போச்சு?" சாயங்காலமே பேசி முடித்து, மாட்டின் விலையில் பாதிகூட வராத தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கேஸ் இல்லை. மறுநாள் அந்தக் கம்பியில் கரண்ட் ஓடியதா இல்லையா என்று பார்க்கக்கூட யாரும் வரவில்லை. அந்தப் பாதையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஐம்பது ரூபாய்க் குற்றத்துக்குக் கோர்ட்டு, ஐந்து வருஷக் குற்றத்துக்குப் பஞ்சாயத்து.

இது உங்கள் கேள்விக்கு வெளியே என்பார்கள், இருந்தாலும் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் போட்ட மாசு அபராதம் 10,000 ரூபாய். நட்டஈடு தனி என்றார்கள், சரி. ஆனால் 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக, அதே நட்டஈட்டுக்காக இன்னொரு தீர்ப்பு வர வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடு மாடுகளுக்கு யார் மேல் 11ஆவது பிரிவு போட்டார்கள்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாரம் அதிகம், புண்ணோடு வேலை வாங்கியது என்ற குற்றங்களுக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. பயப்பட வேண்டாம். மாட்டின் பராமரிப்புச் செலவு பற்றி மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவில் இருக்கிறது. மாட்டுக்காரர் ஏழை என்றால் வைத்தியச் செலவு வாங்க வேண்டாம் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம் என்று அதே பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பெரியப்பாவிடம் அதை ஒருத்தரும் சொல்லவில்லை. குறித்த நாளுக்குள் மாட்டை மீட்காவிட்டால் ஏலம் விட்டுச் செலவைக் கழித்துக்கொள்ளவும் அதே பிரிவில் வழி இருக்கிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்தால் வக்கீல் இலவசம். ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், சந்தையில் மாடு பிடித்த ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள்.