பேட்டரியில் 14.2 வோல்ட்; ஈ.சி.யூ.வுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பெட்ரோல் காரில் செக் என்ஜின் விளக்கு அடிக்கடி எரிகிறது. ஸ்கேனரில் பி0562, அதாவது மின்னழுத்தம் குறைவு என்ற பழுதுக் குறியீடு (கோடு) வருகிறது. புது பேட்டரி போட்டும் பயனில்லை. குறியீட்டை அழித்தாலும், இரவில் ஹெட்லைட்டும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடும்போது திரும்ப வந்துவிடுகிறது. வண்டி ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 14.2 வோல்ட் இருக்கிறது. ஒரு மெக்கானிக், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. போய்விட்டது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இப்போதைக்கு இரண்டையுமே மாற்ற வேண்டாம். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருப்பது இயல்பு என்பதால், ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்ட பிறகும் அந்த 14.2 குறையாமல் நிற்கிறது என்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்றே கொள்ளலாம். கோடு வருவது லோடு (மின்சுமை) ஏறும்போதுதான் என்பதால், விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்த அளவு இந்தப் பழுதைப் பற்றி எதையும் சொல்லாது.

ஈ.சி.யூ. பேட்டரி டெர்மினலில் உள்ள அழுத்தத்தை அறியாது; தன்னுடைய கனெக்டரில் உள்ள ‘பின்’ எனும் உலோக முனையில் வந்து சேருவதை மட்டுமே அது அளக்கிறது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ், மெயின் ரிலே, இடையிலுள்ள கனெக்டர்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் அங்கே போகிறது. பிறகு எர்த் ஒயர் வழியாகத் திரும்ப வேண்டும். வழியில் எங்கேனும் இணைப்பு தளர்ந்தோ பச்சை பூத்தோ இருந்தால், கரண்ட் அதிகமாக ஓடும் நேரத்தில் அந்த இடத்திலேயே ஒரு வோல்ட் வரை தொலைந்து போகலாம். ஆகவே என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர் அனைத்தையும் போட்டு, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் தெரியும் வோல்ட்டையும் பேட்டரியில் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள். பேட்டரியில் 14.2 இருக்கும்போது ஸ்கேனர் 12.9 என்று காட்டினால், 1.3 வோல்ட்டை வழியில் ஏதோ ஒன்று விழுங்குகிறது என்று பொருள்.

அது எது என்று கண்டுபிடிக்க, லோடை அணைக்காமலே, மீட்டரின் ஒரு ஒயரைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றொன்றை ஈ.சி.யூ.வின் சப்ளை பின்னிலும் வைத்து அளக்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாசிட்டிவ் பக்கத்தில் பழுது. இதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் ஈ.சி.யூ. எர்த் பின்னுக்கும் இடையே 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். எந்தப் பக்கம் என்று தெரிந்தபின், அந்தப் பாதையில் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் என ஒவ்வொன்றின் இரு பக்கத்தையும் அளந்துகொண்டே போனால் இடம் பிடிபட்டுவிடும். கனெக்டரில் மீட்டர் முனையை முன்பக்கத் துளைக்குள் திணிக்காமல், பின்பக்கமாக மெல்லிய ஊசி முனை கொண்டு தொடுங்கள். இல்லையேல் உள்ளேயுள்ள டெர்மினல் விரிந்து புதிய பழுதொன்று உண்டாகிவிடும்.

பலர் இங்கே மீட்டரை ஓம்ஸில் (மின்தடை) வைத்துப் பார்த்துவிட்டு ஒயர் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது எளிதாகக் கடந்து, ஏறக்குறைய பூஜ்ஜிய ஓம் என்று காட்டிவிடும். கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளப்பதே நம்பத்தக்க சோதனை.

என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். பாடியில் எர்த் ஒயர் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். ஒயர் முனையிலுள்ள உலோக வளையமான லக்கின் அடியில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். லக்கை ஒட்டிய உறைக்குள் செம்பு இழைகள் பச்சையாகப் பொடிந்திருந்தால் ஒயரையே மாற்றுவது நல்லது. பாசிட்டிவ் பக்கமானால், கரிந்து குழி விழுந்த மெயின் ரிலே காண்டாக்டுகள் அடிக்கடி அகப்படும் குற்றவாளி.

இதை வெறும் விளக்குத் தொந்தரவாக எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். மின்னழுத்தம் குறைந்தால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் என்பதால், ஈ.சி.யூ. தான் அளந்த வோல்ட்டுக்கு ஏற்ப அதைத் திறந்து வைக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. இன்ஜெக்டருக்குச் சரியான அழுத்தம் போய்க்கொண்டிருக்க, ஈ.சி.யூ. மட்டும் குறைவாக அளந்தால், தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றப்படும்.

ஈ.சி.யூ.வைக் குறை சொல்ல ஒரே ஒரு நிலைமைதான் இடம் தரும்: அதன் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே லோடுடன் அளந்தால் சரியான வோல்ட் இருக்க, ஸ்கேனர் மட்டும் தவறாகக் காட்ட வேண்டும்.

கேள்வி: என் புதிய காரில் ஓடும்போது சில நேரம் 12.6 வோல்ட்டும், சில நேரம் 14.8 வோல்ட்டும் காட்டுகிறது. சார்ஜிங் பழுதா?

பதில்: கோடு எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் பழுதில்லை. இப்போதைய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதை ஈ.சி.யூ.வே முடிவு செய்கிறது. வேகமெடுக்கும்போது சார்ஜைக் குறைத்து என்ஜின் சுமையை இறக்கி, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கூட்டிக்கொள்ளும். பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் சிறு சென்சார் இருந்தால், வெளிச் சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை அங்கே மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள். இல்லையேல் ஏறிய சார்ஜ் சென்சாரின் கணக்கில் சேராது.

கேள்வி: வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, என்ஜின் நிற்கவில்லையென்றால் ஆல்டர்னேட்டர் சரி என்கிறார்களே?

பதில்: ஈ.சி.யூ. உள்ள வண்டியில் அதைச் செய்யவே கூடாது. பேட்டரி விலகிய கணத்தில் அழுத்தம் பல பத்து வோல்ட் எகிறி, எலெக்ட்ரானிக் பாகங்களைப் பொசுக்கிவிடக்கூடும். அதற்குப் பதிலாக, மீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டில் வைத்து, ஓடும் என்ஜினில் பேட்டரிக்குக் குறுக்கே அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.