கதவுக்கு உள்ளே நின்ற சிஸ்டர்

அன்புள்ள அண்ணனுக்கு,

மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் டாக்டர் ஒருவர், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன ஒரு பெண்ணுக்கு ராத்திரியில் வாட்ஸ்அப் அனுப்புகிறார். முதலில் "மாத்திரை போட்டாயா", அப்புறம் "அந்தப் புடவையில் நன்றாக இருந்தாய்". அந்தப் பெண்ணே என்னிடம் காட்டினார். அவரும் பதில் போட்டிருப்பதால் இது தப்புதானா என்று எனக்குக் குழப்பம். நிர்வாகத்தில் சொன்னால், "கைராசிக்காரர், அவர் போனால் ஓபி படுத்துவிடும்" என்கிறார்கள். இதைச் சிறுகதையாக எழுதலாமா? ஆண்களை மொத்தமாகக் குறை சொல்வதாக ஆகிவிடுமா?

அன்புள்ள தங்கைக்கு,

ஆண்களைப் பற்றிய கவலையை விடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

போன மாதம் பாபநாசத்தில் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வந்தேன். இறந்தவர் நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் கிளினிக்கில் வேலை பார்த்த சிஸ்டர். அதிலிருந்து அவர் ஞாபகமாகவே இருக்கிறது, உங்கள் கடிதமும் அப்போதுதான் வந்தது. அம்மாவை டாக்டர் பரிசோதிக்கும்போது அவர் கதவுக்கு உள்ளே, சுவரோடு சுவராக நிற்பார். ஒரு நாள் டாக்டர் "போய் ஊசி வாங்கிட்டு வாம்மா" என்றார். சிஸ்டர் நகரவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டுக் காசைக் கையில் திணித்து மருந்துக்கடைக்கு ஓடச் சொன்னார். பெரியவனாகி ரொம்ப நாள் கழித்துத்தான் அது எனக்குப் புரிந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பது பெண் நோயாளியின் உரிமை என்கிறது. அந்த சிஸ்டர் எந்தச் சாசனத்தையும் படித்தவரில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒரே ஒரு வரிக்காக. "அவரும் பதில் போட்டிருப்பதால்" என்று நீங்கள் எப்படி எழுதலாம்? தினமும் வார்டில் நிற்பவர் நீங்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்த கை அந்த டாக்டருடையது, அடுத்த மாதம் செக்கப்புக்கு அந்தப் பெண் அவர் முன்னால்தான் போய்ப் படுக்க வேண்டும், புருஷனிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லியிருப்பார், டாக்டரைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. அவர் மெசேஜ் அனுப்பினால் அந்தப் பெண் வேறு என்னதான் செய்வார்? ஒரு சிரிப்பு பொம்மையைத்தான் போடுவார், பயத்துக்கு வேறு பொம்மை கிடையாது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், தொழில் தரும் செல்வாக்கைப் பயன்படுத்தி நோயாளியிடம் முறைகேடாக நடப்பதையும் தகாத தொடர்பு வைப்பதையும் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்கின்றன. நோயாளி சம்மதித்தாரா என்ற கேள்வியே அந்த விதியில் இல்லை. டாக்டர் ரொம்ப நல்லவர், கைராசிக்காரர் என்பதற்கும் அதில் இடமில்லை. நிர்வாகத்தின் ஓபி கணக்கை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். டாக்டரின் தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள், அது நியாயம். 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. குற்றம் உறுதியானால் மருத்துவர்கள் பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம், நீக்கியதை உள்ளூர்ப் பத்திரிகைகளில் தெரிவிக்கவும் வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள், அந்த மெசேஜ்களை அழித்துவிட வேண்டாம் என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். அடுத்த செக்கப் என்றைக்கு என்று கேட்டு, அன்றைக்கு உங்கள் டியூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டு அந்த அறைக்குள் நில்லுங்கள்.

கதை கேட்டிருந்தீர்கள் இல்லையா, அதை அப்புறம் எழுதலாம்.