வாசகர் கேள்வி – பதில்: மாநாட்டுக்குப் போய் வந்த பிறகு

கேள்வி: அறிவியல் நகர் விவசாய பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். பரந்தனுக்கும் பூநகரிக்கும் இடைப்பட்ட வயல்களின் உவர்த்தன்மை பற்றிச் செய்த ஆய்வை, கொழும்பில் நடந்த துறைசார் மாநாடொன்றில் போஸ்டராக வைத்தேன். இரவு பஸ்ஸில் போய் இறங்கிய அன்றே மாநாடு. தொடக்க உரை நன்றாக இருந்தது. அதன் பிறகு பாதிக்கு மேல் விளங்கவில்லை. தேநீர் நேரத்தில் தனியாகத்தான் நின்றேன். என் போஸ்டரைப் பார்க்க வந்தவர்கள் ஆறேழு பேர். அவர்களில் ஒருவர், "1:5 கரைசலா, நிரம்பிய பசையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டேன். போனது நல்லது என்றும் தோன்றுகிறது, வீண் செலவு என்றும் தோன்றுகிறது. அடுத்த முறையும் போகலாமா?
– மாணவி, கிளிநொச்சி

பதில்: போங்கள், தங்கச்சி. உங்களை வாயடைக்க வைத்த அந்தக் கேள்விதான் இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய வரவு. ஆய்வறிக்கையைக் கையளிக்கும் முன் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதால், முதலில் அதையே பார்ப்போம்.

மண்ணில் உப்பு கூடினால் அதன் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும். அந்த மின்கடத்துதிறனை அளக்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. காற்றில் உலர்த்தி 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்த மண் 10 கிராமுக்கு, காய்ச்சி வடித்த நீர் 50 மில்லிலீற்றர் விட்டு, ஒரு மணி நேரம் குலுக்கி அளப்பது 1:5 முறை. வேலை குறைவு என்பதால் மாணவர் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். மற்றது நிரம்பிய பசை முறை. அதில் சுமார் 300 கிராம் மண்ணுக்கு நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைக்க வேண்டும். பதம் வந்ததும் பசை மினுங்கும், கரண்டியைச் சரித்தால் வழுக்கி விழும், மேலே தண்ணீர் தேங்காது. அதை ஓர் இரவு மூடிவைத்து, மறுநாள் வெற்றிடப் பம்பியால் சாற்றை உறிஞ்சி எடுத்து அளப்பார்கள். நெல்லுக்கு நூல்களில் காணப்படும் எல்லை, அதாவது மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ் (மின்கடத்துதிறனை அளக்கும் அலகு) என்பது, இந்த இரண்டாவது முறைக்கு உரிய எண். அதைத் தாண்டும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும் என்பது உலகெங்கும் எடுத்தாளப்படும் கணக்கு.

1:5இல் தண்ணீர் அதிகம், உப்பு ஐதாகிவிடும், அதனால் எண் சிறிதாகவே வரும். பசைச் சாற்றின் அளவுக்குக் கொண்டுவர, களி கலந்த வயல் மண்ணில் சுமார் 8ஆல் பெருக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணென்றால் பத்துக்கும் மேல். கருவி 0.5 காட்டிய ஒரு வயலை நினைத்துப் பாருங்கள். எல்லை 3 என்று வைத்துப் பார்த்தால் அந்த வயலுக்கு ஒரு குறையும் இல்லை. 8ஆல் பெருக்கினால் 4 வருகிறது, எல்லையைத் தாண்டி ஓர் அலகு. பூநகரிப் பக்கம் அந்த வயலை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அது நூறு மூட்டையில் பன்னிரண்டு மூட்டை. கேட்டவர் உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. போஸ்டரில் இருந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்கக் கேட்டார்.

இனிச் செய்ய வேண்டியது: மீதமிருக்கும் மாதிரிகளில், குறைந்த உப்பிலிருந்து கூடிய உப்பு வரை பத்தைத் தெரிந்தெடுங்கள். இரண்டு முறையிலும் அளந்து வரைபில் போட்டால் உங்கள் வயல்களுக்கே உரிய பெருக்கெண் கிடைக்கும். அது அறிக்கையில் ஒரு பக்கம்தான் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு பக்கம் மற்ற எல்லா எண்களுக்கும் பொருள் கொடுக்கும். முடிந்ததும் கேட்டவருக்கு ஐந்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த மாநாடு, எந்த போஸ்டர், அவர் கேட்டது என்ன, நீங்கள் பிறகு செய்தது என்ன, கிடைத்த எண் என்ன. அவருடைய பெயரைக் குறித்து வைக்கவில்லையா? நிகழ்ச்சி நூலில் அந்த அமர்வில் பேசியவர்களின் பெயரும் நிறுவனமும் இருக்கும், உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டினால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்த முறை பதில் தெரியாத கேள்வி வந்தால் மூன்று வசனம் போதும்: "நாங்கள் 1:5தான் செய்தோம். மற்றதைச் செய்யவில்லை. நீங்களென்றால் எதைச் செய்வீர்கள்?" இதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். கேள்வி விளங்காவிட்டால் இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லும்படி கேட்கலாம், அதில் குறைவேதும் இல்லை.

பாதிக்கு மேல் விளங்காததற்கு உங்கள் ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் இரண்டு வருட வேலையைச் சொல்லி முடிக்கிறார்கள். முறைகளைப் பாய்ந்து கடந்துவிட்டு, சுருக்கெழுத்துகளை விரிக்காமல் முடிவுக்கு ஓடுகிறார்கள். அதே துறையில் இருப்பவர்களுக்கே அடுத்த மண்டபத்துப் பேச்சு விளங்குவதில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்க முயல வேண்டாம். நிகழ்ச்சி நூல் கைக்கு வந்ததும் ஆய்வுச் சுருக்கங்களை வாசித்து, ஒரு நாளைக்கு நாலு பேச்சைக் குறியுங்கள். இரண்டு உங்கள் தலைப்புக்குக் கிட்டியவை, ஒன்று நீங்கள் செய்ய விரும்பும் முறை பற்றியது, ஒன்று முற்றிலும் புதியது. அந்த நாலுக்கும் உரிய சுருக்கங்களில் தெரியாத சொற்களை முதல் நாளே தேடிவைத்தால் பேச்சு காதில் வேறு மாதிரி விழும். குறிப்பெடுக்கும்போது எல்லாவற்றையும் எழுதாமல், ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் எண், ஒரு முறை, ஒரு சந்தேகம் என்று மூன்று வரி எழுதுங்கள்.

ஆறேழு பேர் என்பது குறைவான எண் இல்லை. போஸ்டர் அமர்வைப் பெரும்பாலும் தேநீர் நேரத்தோடு சேர்த்து வைப்பார்கள். முப்பது நாற்பது போஸ்டர் இருக்கும் இடத்தில் அரை மணி நேரத்துக்குள் ஒருவர் நின்று பார்ப்பது நாலைந்துதான். ஆட்கள் கூடுதலாக வர வேண்டுமென்றால், போஸ்டருக்கு நேர் முன்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். முன்னால் நின்றால் மறைக்கும், கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் கிட்ட வரமாட்டார்கள். நாற்பது வினாடிச் சொல்லொன்று வைத்திருங்கள்: எந்த இடம், என்ன கேள்வி, என்ன கண்டீர்கள். தேநீர் நேரத்தில் தனியாக நிற்பவர் உங்களைப் போல் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள். தனியே நிற்கும் இன்னொரு மாணவரிடம் போய், "உங்கட போஸ்டர் எது, காட்டுவீங்களா?" என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் இலகுவான தொடக்கம்.

கடைசியாக அந்த இரவு பஸ். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ஏறினால் விடியுமுன் வெள்ளவத்தையில் இறக்கிவிடுவார்கள், பதிவு மேசை எட்டு மணியளவில்தான் திறக்கும். இடையில் முகம் கழுவவும் உடுப்பு மாற்றவும் இடமில்லாமல், பொதியோடும் போஸ்டர்க் குழாயோடும் அலைய வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் வரும் அமர்வில் கண் சொருகிவிடும். விளங்காத பாதியில் ஒரு பங்கு இந்தத் தூக்கமின்மைதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. முதல் நாள் பகலில் பயணம் செய்து இரவு ஓர் இடத்தில் படுத்தெழும்பிப் போங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் திரும்பும் பயணத்தை இரவு பஸ்ஸாக வையுங்கள். மண்டபங்களில் ஏசி கடும் குளிராக இருக்கும். வன்னி வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு இரண்டு மணி நேரத்தில் கை விறைத்துவிடும், ஒரு மெல்லிய சுவெட்டர் கட்டாயம்.

கேள்வி: மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. மாநாடொன்றுக்குக் கொழும்புக்கு இரண்டு நாள் போக வேண்டும் என்கிறாள். எங்களுக்கு அங்கே சொந்தமென்று ஒருவரும் இல்லை. அனுப்பலாமா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அனுப்புங்கள் அம்மா, ஆனால் தனியே வேண்டாம். ஒரே பீடத்திலிருந்து இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் சேர்ந்து போகும்படி பார்க்கலாம். ஏற்பாட்டாளர்களிடம் மாணவர் தங்குமிடம் பற்றி முன்கூட்டியே கேட்டால் சில வேளை பல்கலைக்கழக விடுதியில் இடம் ஒழுங்கு செய்து தருவார்கள். யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும். மண்டபத்தின் முகவரி, தங்குமிடத் தொலைபேசி, கூடப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் எண், பொறுப்பான விரிவுரையாளரின் எண் ஆகிய நாலையும் ஒரு தாளில் எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அதே தாள் மகளின் பையிலும் இருக்கட்டும். கைபேசி மின்னேற்றம் தீர்ந்தால் தாள்தான் உதவும். இருட்டிய பின் வீதியில் நின்று ஓட்டோ மறிக்காமல் செயலி வழியாக எடுத்தால் வாகன எண்ணும் ஓட்டுநர் பெயரும் கைபேசியில் பதிந்திருக்கும், கட்டணப் பேச்சும் வராது.

மகளிடம் ஒன்றை நினைவூட்டுங்கள்: சான்றிதழ் சில இடங்களில் இரண்டாம் நாள் முடிவில்தான் தருவார்கள். வரவுத் தாளில் கையெழுத்து வைக்காமல் மதியம் பஸ் ஏறினால் பிறகு அதற்காக அலைய வேண்டி வரும்.

கேள்வி: போஸ்டரை எந்த அளவில், எதில் அடிக்க வேண்டும்? போன முறை மடிப்பு விழுந்து வெள்ளைக் கோடுகள் வந்துவிட்டன.
– மாணவன், முல்லைத்தீவு

பதில்: அளவை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம், ஏற்பாட்டாளர் தந்த அறிவுறுத்தலைப் பாருங்கள். ஏ1 என்றால் 594க்கு 841 மில்லிமீற்றர், ஏ0 என்றால் 841க்கு 1189. நிமிர்ந்ததா கிடந்ததா என்பதும் முக்கியம். நிமிர்ந்த பலகையில் கிடந்த போஸ்டரை ஒட்டினால் இரண்டு பக்கமும் வெளியே தொங்கும், பக்கத்துப் போஸ்டரையும் மறைக்கும். கோப்பைத் தொடக்கத்திலேயே உண்மை அளவில் உருவாக்குங்கள். சாதாரண சிலைட் அளவில் செய்து கடையில் பெருப்பித்தால் படங்கள் பொட்டுப் பொட்டாகச் சிதறும். தலைப்பெழுத்து 80 புள்ளியளவு, உடலெழுத்து 24க்குக் குறையக் கூடாது. ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று வாசிக்க முடியாத எழுத்து இருந்தும் பயனில்லை. சொற்கள் 400 அளவில் நிற்கட்டும். கடைக்குப் பீடீஎஃப் ஆகவே கொடுங்கள்.

வெள்ளைக் கோடு வந்தது பிளெக்ஸை மடித்ததால். மடித்த இடத்தில் மை உடையும், அதைத் திருத்த வழியில்லை. சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி. அப்படிச் சுருட்டினால் ஒட்டும்போது ஓரங்கள் பலகைப் பக்கம் வளைந்து படிந்துவிடும். உள்ளே வைத்துச் சுருட்டினால் மூலைகள் உங்களை நோக்கிக் கிளம்பிக்கொண்டே இருக்கும். குழாய்க்குக் காசு செலவழிக்க வேண்டாம், வன்சாமான் கடையில் 4 அங்குல பீவீசீ பைப்பில் மூன்றடி வெட்டித் தரச் சொல்லுங்கள். நிமிர்ந்த ஏ0 போஸ்டரும் அதற்குள் அடங்கும். இரண்டு முனைக்கும் மூடி போட்டால் பஸ்ஸின் மேல் தட்டில் மழை ஒழுக்கு வந்தாலும் நனையாது. இரட்டைப்பக்க ஒட்டு நாடா, குத்தூசி, கத்தரிக்கோல் மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள். ஏ4 தாளில் சிறிதாக்கிய பிரதி பதினைந்தும் கையில் இருந்தால், நின்று பேசியவருக்கு ஒன்று கொடுக்கலாம். உங்கள் மின்னஞ்சல் முகவரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டு மாநாடொன்றிலிருந்து என் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பி இரண்டு நாள்தான் ஆனது. கட்டணம் 300 டொலர். அப்பா நகை அடகு வைத்தாவது தருகிறேன் என்கிறார்.
– மாணவன், வவுனியா

பதில்: நகையைத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். உண்மையான மாநாட்டில் சுருக்கத்தை ஆட்கள் வாசித்துக் கருத்தெழுத வாரக் கணக்கில் ஆகும். இரண்டு நாளில், ஒரு திருத்தமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் ஒருவரும் வாசிக்கவில்லை என்றுதான் பொருள். இன்னும் சிலதைப் பாருங்கள்: மருத்துவம், பொறியியல், கல்வி, வணிகம் எல்லாம் ஒரே மாநாட்டில், ஒரே நாளில் இருக்கிறதா? ஏற்பாட்டுக் குழுவில் உள்ளவர்களின் பெயர் அவர்களுடைய பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் இருக்கிறதா? நடத்துவது ஒரு துறைச் சங்கமா, பல்கலைக்கழகமா, அல்லது மாநாடு நடத்துவதையே தொழிலாகக் கொண்ட கொம்பனியா? இதே ஆட்கள் அதே மாதம் வேறு நாலு நாட்டிலும் நடத்துகிறார்களா? இரண்டு கேள்விக்குப் பதில் பிழைத்தாலே விட்டுவிடுங்கள். அந்தச் சான்றிதழைத் துறை தெரிந்தவர்கள் மதிப்பதில்லை.

நாட்டுக்குள்ளேயே நல்ல இடங்கள் உள்ளன. எஸ்எல்ஏஏஎஸ் என்று அழைக்கப்படும் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944இல் தொடங்கியது. அதன் ஆண்டு அமர்வில் துறைவாரியாகப் பிரிவுகள் உண்டு, விவசாயமும் வனவியலும் பி பிரிவு. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தின் ஆண்டு மாநாடும் இருக்கிறது. ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில் என்பதால் வவுனியாவிலிருந்து அங்கே போவது கொழும்பை விடக் கிட்ட. எதற்கு விண்ணப்பித்தாலும் மாணவர் கட்டணம் தனியாக உண்டா, முந்திப் பதிந்தால் குறைவா என்று கேளுங்கள். பீடத்தில் மாணவர் ஆய்வுப் பயணத்துக்கென ஒதுக்கீடு இருந்தால், கடிதத்தைப் பயணத்துக்கு முன்பே கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். போய் வந்த பிறகு பற்றுச்சீட்டை நீட்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பஸ் ரிக்கெற்றையும் எறிந்துவிடாதீர்கள். வெப்பத்தாளில் அடித்த ரிக்கெற்றில் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும், அதனால் இறங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள்.