கேத்திலில் தங்கிய கல்சியம்: குடல் அழற்சியும் தாதுச்சத்தும்

கேள்வி (கிளிநொச்சி வாசகி): வயது 27, நிறை 52 கிலோ. இரண்டு வருசமாக அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும்). இப்பவும் நாளுக்கு நாலு தரம் இரத்தத்தோட வயிற்றால போகுது. ஈமோகுளோபின் 9.4, பெரிற்றின் 62, அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி. 28. பெரிற்றின் சரியான அளவு என்று ரிப்போட்டில் கிடக்கு. மூன்று நேரமும் இரும்புக் குளிசை போட்டும் களை மாறவில்லை, வயிறுதான் முறுக்குது.

பதில்: அந்த 62ஐ நம்பாதீர்கள். பெரிற்றின் இரும்புக் கையிருப்பைக் காட்டும். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தால் கையிருப்பு இல்லாமலும் ஏறும். அழற்சி இல்லாதவருக்கு 30க்குக் கீழே போனால் பற்றாக்குறை. சீ.ஆர்.பி. 28 இருக்கும்போது 100 வரை காட்டினாலும் பற்றாக்குறை இருக்கலாம். ரான்ஸ்பெரின் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) நிரம்பல் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பற்றாக்குறைக்கு வாய்ப்பு இன்னும் கூடும்.

200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற் குளிசையில் உள்ள இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். மூன்று போட்டால் 195. குடல் அழற்சி உள்ளவர் நாளுக்கு 100ஐத் தாண்டக்கூடாது. அழற்சி வேளையில் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரந்து, இரும்பு குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகும் வழியை அடைத்துவிடும். மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கி முறுக்கும். மலமும் கறுத்து, இரத்தம் போவது தெரியாமல் மறையும்.

ஈமோகுளோபின் 10க்குக் கீழே, நோயும் அடங்கவில்லை. உங்களுக்கு நாளத்தில் ஏற்றும் இரும்புதான் முதல் வழி. கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் நிறைக்கு மொத்தம் 1500 மில்லிகிராம் அளவில் தேவைப்படும். அயன் சுக்றோஸ் என்ற இரும்பு மருந்து ஒரு தரத்துக்கு 200 என்றால் ஏழெட்டுத் தரம் போய்வர வேண்டும், பஸ் காசையும் கணக்கில் வையுங்கள். நாலு கிழமையில் ஈமோகுளோபின் 2 ஏறினால் சரி. ஏறாவிட்டால் இரத்தப்போக்கு நிற்கவில்லையா, பி12, போலேற் என்ற விற்றமின்கள் குறைவா என்று பார்க்க வேண்டும். இந்த நோய்க்குச் சல்பாசலசீன் குளிசை போடுபவருக்குப் போலேற் குறையும்.

முருங்கையிலை வறை நல்லதுதான். ஆனால் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுக்கும் இரும்பு நாளுக்கு 1, 2 மில்லிகிராம். அதை வைத்து 1500ஐ அடைக்க முடியாது. நோய் அடங்கியபின் குளிசைக்கு மாறினால் ஒன்று போதும், தேசிக்காய்த் தண்ணியோடு. பிளேன்ரீயோடு விழுங்கினால் தேயிலைச் சாயமே இரும்பைப் பிடித்துவிடும். இரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

கேள்வி (வவுனியா வாசகர்): பிரெட்னிசொலோன் எடுக்கிறேன். கல்சியம் போடச் சொன்னார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணியில் கேத்திலே வெள்ளையாகப் படியுது, அந்தக் கல்சியம் காணாதா?

பதில்: நீங்கள் பார்த்த வெள்ளை கல்சியம் காபனேற்றுத்தான். கேத்திலில் ஒட்டியது உங்கள் வயிற்றுக்குப் போகவில்லையே! கொதிக்கக் கொதிக்கத் தண்ணியிலிருந்து கழன்றுவிடுகிறது. பிரெட்னிசொலோன் ஒரு ஸ்ரீரொயிட், அது எலும்பைக் கரைக்கும். சாப்பாடும் குளிசையும் சேர்த்து நாளுக்கு 1000 மில்லிகிராம் கல்சியமும், 800 அலகு விற்றமின் டீயும் வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் 240 அளவில் வரும். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர், முள்ளோடு மெல்லும் நெத்தலி. குரக்கனிலும் நிறைய உண்டு, ஆனால் தவிட்டோடு வருவதால் வயிற்றால போகும் நாட்களில் விட்டுவிடுங்கள். கல்சியம் காபனேற் குளிசையைச் சாப்பாட்டோடு போடுங்கள், ஒரு நேரத்துக்கு 500க்கு மேல் வேண்டாம். இரும்புக் குளிசை இருந்தால் இரண்டு மணித்தியால இடைவெளி.

கேள்வி (முல்லைத்தீவு வாசகி): குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ள மகனுக்கு இரவில் கெண்டைக்கால் இழுக்குது. மக்னீசியம் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: பார்மசியில் கேட்டு வாங்காதீர்கள். வயிற்றால போகும்போது மக்னீசியம், பொற்றாசியம், நாகம் (சிங்க்) மூன்றும் கழியும். எது குறைவென்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். மக்னீசியக் குளிசை தானே வயிற்றை இளக்கும். வன்னியில் சிறுநீரக நோயும் உள்ளதால் சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியற்றினினை இரத்தத்தில் பார்க்காமல் மக்னீசியமோ பொற்றாசியமோ கொடுப்பது ஆபத்து. அதுவரை ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்): ஒரு பக்கெற், கொதித்தாறிய தண்ணி சரியாக ஒரு லீற்றர். தம்ளரில் குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பு கூடி வயிற்றோட்டம் மோசமாகும். இளநீரில் பொற்றாசியம் உண்டு, சோடியம் குறைவு. அது ஜீவனிக்கு ஈடாகாது.