ஒவ்வொரு முறையும் புது சைட்மேப் உருவாக்க வேண்டுமா?

கேள்வி: ஓராண்டுக்கு முன் இலவசக் கருவி ஒன்றில் சைட்மேப் உருவாக்கி சர்வரில் ஏற்றினேன். அதன்பின் சேர்த்த பக்கங்கள் கூகுள் தேடலில் வருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்க வேண்டுமா?

பதில்: சைட்மேப் என்பது தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிகளுக்குச் சொல்லும் பட்டியல். அந்தக் கருவி அன்றைக்கு உங்கள் தளத்தில் இருந்த முகவரிகளைத் திரட்டி ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொடுத்தது, அவ்வளவுதான். பிறகு சேர்ந்த பக்கங்களை அது அறியாது. கையால் புதுப்பிக்கலாம், ஆனால் சில மாதங்களில் மறந்துபோகிற வேலை அது. தளத்தை இயக்கும் மென்பொருளிடமே விட்டுவிடுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் 2020இல் வந்த 5.5 பதிப்பு முதல் சைட்மேப் தானாகவே உருவாகிறது. தளம் தேடலில் நன்றாக வர உதவும் எஸ்.இ.ஓ. பிளக்இன் (கூடுதல் மென்பொருள்) இருந்தால் பெரும்பாலும் அதுவே இந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பழைய கோப்பை மட்டும் மறக்காமல் அழித்துவிடுங்கள். புதியதற்கும் அதே பெயர் என்றால், சர்வர் பழையதையே எடுத்து நீட்டிக்கொண்டிருக்கும்.

கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முகவரிக்கும் கீழே ‘லாஸ்ட்மாட்’ என்று ஒரு தேதி இருக்கும். 2025-03-14 என்ற வடிவில். பக்கம் கடைசியாக மாறிய நாள் அது. பலர் அதே கோப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தரக்கூடிய முக்கியத்துவ எண்ணை உயர்த்துவதில் மெனக்கெடுகிறார்கள். அதையும், எத்தனை நாளுக்கொருமுறை மாறும் என்ற குறிப்பையும் கூகுள் கண்டுகொள்வதே இல்லை. லாஸ்ட்மாட் தேதியைப் பார்க்கிறது, அது உண்மையாக இருக்கும்வரை. சில கருவிகள் கோப்பை உருவாக்கும்போதெல்லாம் எல்லாப் பக்கங்களுக்கும் அன்றைய தேதியையே போட்டுவிடுகின்றன. அப்படிப்பட்ட தேதியைக் கூகுள் நம்பாது. பக்கத்தின் அடியில் காப்புரிமை ஆண்டை மாற்றியதெல்லாம் மாற்றக் கணக்கில் வராது.

நீக்கிய பக்கங்கள், வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டவை, தேடலில் வர வேண்டாம் என்று நீங்களே குறித்தவை எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள், 50 எம்பி என்பது வரம்பு. உங்களுக்கு அந்தக் கவலை வர வாய்ப்பில்லை.

சைட்மேப்பின் முகவரியை, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் ஒருமுறை சமர்ப்பித்து, தேடுபொறிகளுக்கான குறிப்புகள் இருக்கும் ரோபோட்ஸ் கோப்பிலும் (robots.txt) ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். புதுப்பிக்கும்போதெல்லாம் கூகுளுக்கு ‘பிங்’ (சைட்மேப் மாறியது என்ற அறிவிப்பு) அனுப்பச் சொல்லும் பழைய குறிப்புகளை ஒதுக்குங்கள். அந்த வசதி 2023லேயே கைவிடப்பட்டது.

சில நாள் கழித்து, கூகுள் சைட்மேப்பைக் கடைசியாகப் படித்த தேதியைச் சர்ச் கன்சோலில் பாருங்கள். படித்தும் சில பக்கங்கள் தேடலில் ஏறவில்லையா? சைட்மேப் முகவரியைச் சொல்லுமே தவிர, இடம்பிடித்துத் தராது. அந்தப் பக்கங்களுக்குத் தளத்தின் மற்ற பக்கங்களிலிருந்து இணைப்பு இருக்கிறதா என்று அடுத்ததாகப் பாருங்கள்.